போர்டுல 60 கிலோவாட், ஏறுறது 28: யார் மேல தப்பு?

கேள்வி: அண்ணா, நாலு மாசம் முன்னாடி 45 யூனிட் பேட்டரி உள்ள எலெக்ட்ரிக் கார் எடுத்தேன். ஷோரூம்ல 10 பர்சென்ட்ல இருந்து 80 வரைக்கும் 40 நிமிஷம்னு சொன்னாங்க. போன வாரம் திருச்சியில இருந்து சென்னை போறப்ப ஹைவேஸ்ல ஒரு ஓட்டல் வாசல்ல, 60 கிலோவாட்னு பெருசா எழுதியிருந்த சார்ஜர்ல போட்டேன். ஸ்கிரீன்ல 28 தான் காட்டுச்சு, 20ல இருந்து 80 ஏற ஒரு மணி நேரம் ஆயிடுச்சு. பாதி கரண்ட்ட குடுத்துட்டு முழு காசு வாங்கிட்டாங்களா?

பதில்: காசு போகல தம்பி, நேரம்தான் போச்சு. கிலோவாட்ங்கிறது ஏறுற வேகம், யூனிட்ங்கிறது ஏறுன அளவு, பில்லு போடுறது யூனிட்டுக்கு. 45ல 60 பர்சென்ட்னா 27 யூனிட், 28 கிலோவாட்ல 27 யூனிட் ஏற சுமார் ஒரு மணி நேரம், நீங்க சொன்ன கணக்கு அச்சு அசலா பொருந்துது. பில்லுல ஒண்ணு ரெண்டு யூனிட் கூட இருந்தா, நீங்க உள்ள ஏசி போட்டு உக்காந்திருப்பீங்க, இல்ல பேட்டரிய குளிர வைக்க காரே கொஞ்சம் எடுத்திருக்கும். அதுக்கு மேல 18 பர்சென்ட் ஜிஎஸ்டி.

இப்ப அந்த 28. பக்கத்து கன்ல (சார்ஜர்ல இருந்து கார்ல சொருகுற பிளக்) வேற கார் நின்னுச்சா? எனக்கு அதுதான் சந்தேகம், ஏன்னா நம்ம ஊர் 60 கிலோவாட் சார்ஜர் நிறைய ரெண்டு கன் வச்சது, ஒரு கார் நின்னா 60, ரெண்டு நின்னா ஆளுக்கு 30. எனக்கே நடந்திருக்கு, 42 ஓடிட்டு இருந்துச்சு, நான் டீ வாங்க போயிட்டு கப்போட திரும்பி வர்றேன், 29னு நிக்குது, என்னடான்னு பாத்தா அந்தப் பக்கம் ஒரு டாக்ஸி வந்து சொருகிட்டு டிரைவர் சீட்ட சாச்சுப் போட்டு தூங்கிட்டு இருக்காரு, அவர எழுப்பி என்ன கேக்குறது. அதனால கன் எடுக்குறதுக்கு முன்னாடி பக்கத்து கன்ல எவ்வளவு ஏறியிருக்குன்னு ஸ்கிரீன்ல ஒரு பார்வை பாருங்க. 75 தாண்டி இருந்தா சீக்கிரம் கிளம்பிடுவாங்க, 20ல இருந்தா நீங்க சாப்பாடே ஆர்டர் பண்ணிடலாம்.

பக்கத்துல யாருமே இல்லாமயும் 60 வரலன்னா, சார்ஜர் சைடுல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல ஆம்பியர் எவ்வளவுன்னு பாருங்க, யாரும் பாக்காத எடம் அது. வோல்ட்ட ஆம்பியரால பெருக்கினா வாட். அந்த 60 கிலோவாட் பெரும்பாலும் வோல்ட் நல்லா ஏறுனாதான் வரும், ஆனா நம்ம ஊர்ல ஓடுற நிறைய கார்ல பேட்டரி 300ல இருந்து 400 வோல்ட்டுக்குள்ளதான். கன் அதிகபட்சம் 150 ஆம்பியர்னா, பேட்டரி 330 வோல்ட்ல இருக்குறப்ப 49.5 கிலோவாட், முடிஞ்சுது, காரே கேட்டாலும் அதுக்கு மேல வராது. போர்டுல எழுதினது பொய்யில்ல, உங்க காருக்கு அது உண்மையுமில்ல, அவ்வளவுதான்.

கேள்வி: புதுசா கார் பாக்குறோம் சார். ஒருத்தர் 50 கிலோவாட்ங்கிறார், இன்னொருத்தர் 175ங்கிறார். எந்த நம்பர நம்புறது?

பதில்: பெரிய எழுத்துல இருக்குற கிலோவாட்ட விட்டுடுங்க. அது சாதகமான சூட்டுல, பேட்டரி காலியா இருக்குறப்ப கொஞ்ச நேரம் தொடுற உச்சம். எந்த பர்சென்ட்ல இருந்து எந்த பர்சென்ட் வரைக்கும், எத்தன நிமிஷம்னு கேளுங்க, அதுலயும் ஆரம்ப நம்பர கவனிங்க. மஹிந்திரா பிஇ 6 பெரிய பேட்டரி 79 யூனிட், 175 கிலோவாட் சார்ஜர்ல 20 நிமிஷம்னு சொல்றது 20ல இருந்து 80க்கு. ஹூண்டாய் ஐயானிக் 5 சொல்ற 18 நிமிஷம் 10ல இருந்து 80க்கு, அதுவும் 350 கிலோவாட் சார்ஜர் கிடைச்சா. எம்ஜி விண்ட்சர் 38 யூனிட் பேட்டரிக்கு சொல்ற 55 நிமிஷம் ஜீரோல இருந்து 80க்கு. மூணும் மூணு எடத்துல ஓட ஆரம்பிக்குது, நேரா ஒப்பிட்டா நீங்கதான் ஏமாறுவீங்க.

செல்போன் கால்குலேட்டர் போதும். விண்ட்சர்ல 38ல 80 பர்சென்ட் 30.4 யூனிட், 55 நிமிஷத்துல ஏறுதுன்னா சராசரி 33 கிலோவாட், அவங்க சொல்ற சார்ஜர் 50. பிஇ 6ல 47.4 யூனிட் 20 நிமிஷத்துல, சராசரி 142, போர்டுல 175. இந்த சராசரிதான் உங்க டீ பிரேக்கோட நீளம். அப்புறம் நீங்க போற ரூட்ல எந்த சார்ஜர் இருக்குன்னு ஆப்ல பாருங்க, 30, 60 தான் இருக்குன்னா 175 வாங்குற கார எடுத்து பெருமை மட்டும்தான் பட்டுக்கலாம். அதே ஐயானிக் 5 ஒரு 50 கிலோவாட் சார்ஜர்ல நின்னா கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். தினமும் ஊருக்குள்ள ஓட்டி ராத்திரி வீட்ல போடுறவருக்கு இதெல்லாம் பெருசா தேவையே இல்ல, 7.2 கிலோவாட் ஏசி சார்ஜர் (குளுகுளு ஏசி இல்ல, வீட்டு லைன்ல வர்ற கரண்ட்) 45 யூனிட்ட ஆறேழு மணி நேரத்துல ரொப்பிடும்.

கேள்வி: ஏன் எல்லாரும் 80லயே நிறுத்துறாங்க? மீதி 20 ஏறாதா?

பதில்: ஏறும், ஆனா தவழும். பேட்டரிக்குள்ள இருக்குற செல் நிரம்ப நிரம்ப வோல்ட் அதோட வரம்ப தொட்டுடும், அதுக்கப்புறம் கரண்ட்ட குறைச்சுக்கிட்டே வரணும், இல்லன்னா செல்லு கெட்டுடும். அதனால காரே 50, 30, 15னு இறக்கிடும். கடைசி 20க்கு அதுக்கு முன்னாடி ஆன நேரம் கூட ஆகலாம், அதுக்கு 80ல கிளம்பி அடுத்த சார்ஜர்ல ஒரு 15 நிமிஷம் போட்டுக்கலாம். வெயில்ல நாலு மணி நேரம் விரட்டி ஓட்டிட்டு போட்டாலும் இதே கதை, பேட்டரி சூடு இறங்குற வரைக்கும் ஸ்பீட குறைச்சிடும். பேன் சத்தம் ஜோரா கேக்கும், பயப்படாதீங்க.

கேள்வி: என்னுது சின்ன கார், 24 யூனிட் பேட்டரி. 120 கிலோவாட் சார்ஜர்ல போட்டா பேட்டரிக்கு ஆபத்தா?

பதில்: ஒண்ணும் ஆகாது. கன் சொருகினதும் காரும் சார்ஜரும் பேசிக்கும், எனக்கு இவ்வளவு போதும்னு கேக்குறது காரு, அதுக்கு மேல சார்ஜர் தள்ளாது. உங்க கார் 25 கிட்டதான் வாங்கும்னா 120லயும் அதேதான், 30லயும் அதேதான். அதனால பக்கத்துல 30 கிலோவாட் கன் காலியா இருந்தா அங்க போடுங்க, பின்னாடி பெரிய கார்ல குழந்தைங்களோட வந்து நிக்கிறவர் உங்கள வாழ்த்திட்டு போவாரு.