வெண்டைக்காய் வேஷமும் பூரிக்கட்டையும்

கேள்வி: நான் இரண்டு பிள்ளைகளின் தாய். தாம்பரத்தை அடுத்த சேலையூரில் வசிக்கிறோம். இரவு ஒன்பதரை மணிக்கு, 'நாளைக்கு ஸ்கூலில் நான் வெண்டைக்காய் வேஷம் போடணும்' என்று மகன் நினைவுபடுத்துவது போன்ற எங்கள் வீட்டுக் கூத்துகளை எழுதி அனுப்பினால் வெளியிடுவீர்களா? 'வீட்டு விஷயத்தை யார் படிப்பார்கள்? வேண்டுமானால் நாலு பூரிக்கட்டை ஜோக் எழுது' என்கிறார் என் கணவர். அமெரிக்காவில் எர்மா பாம்பெக் என்றொரு பெண்மணி இதையே எழுதிப் பெரும்புகழ் பெற்றாராமே, நம் ஊரில் அது எடுபடுமா?
— ஒரு வாசகி, சேலையூர்

பதில்: பூரிக்கட்டை கண்ணில் பட்டுவிட்டதால் அதை முடித்துவிட்டுத்தான் மற்றதற்கு வரமுடியும். தமிழ்ப் பத்திரிகைத் துணுக்குகளில் பல்லாண்டுகளாக ஓங்கியபடியே நிற்கும் அந்தக் கட்டையால் இதுவரை ஒரு பூரிகூட இடப்பட்டதில்லை. கணவன் தலையில் வீக்கம், மனைவி கையில் கட்டை, வாசலில் நலம் விசாரிக்கும் பக்கத்து வீட்டுக்காரர், படம் முடிந்தது. மாவைப் பிசைந்தது யார், நான்கு பேருக்கு இருபது பூரி என்றால் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எல்லோரும் உப்பிய பூரியைப் பொறுக்கிக்கொண்டபின் அப்பளமாகிப்போன கடைசி இரண்டு யார் தட்டில் விழுகின்றன என்று எந்தத் துணுக்காவது கேட்டிருக்கிறதா? உண்மையில் பூரி இடுகிற பெண்ணுக்கு அந்தக் கட்டையை ஓங்குவதற்கு நேரமே கிடையாது, ஓங்கினால் சட்டியில் இருப்பது கருகிவிடும்.

இந்தப் படம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. 1913இல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஜார்ஜ் மக்மானஸ் வரையத் தொடங்கிய சித்திரத் தொடரில், மேகி என்ற மனைவி உருட்டுக்கட்டையும் கையுமாகத்தான் கணவனை எதிர்கொள்வாள். அங்கும் இங்கும் அதை வரைந்தவர்களும் எழுதியவர்களும் பெரும்பாலும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களே. நம் இதழில் இத்தகைய துணுக்குகளுக்கு இடமில்லை என்று அறிவித்தபோது சிலர் சினந்தார்கள், நகைச்சுவை உணர்வே இல்லாத ஆசிரியர் என்று எழுதினார்கள். அவர்களில் ஒருவர் இன்றுவரை விடவில்லை. பூரிக்கட்டைக்குப் பதில் கரண்டி, கரண்டிக்குப் பதில் துடைப்பம் என்று ஆயுதத்தை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்க்கிறார். அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: எனக்குச் சிரிப்பு பிடிக்கும். வேலை செய்கிறவளைக் காட்டி வேலை செய்யாதவர் சிரிப்பதுதான் பிடிக்காது.

இனி பாம்பெக். 1927இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்த அவர், 1964இல் கெட்டரிங்-ஓக்வுட் டைம்ஸ் என்ற சிறிய உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டுரைக்கு மூன்று டாலர் கூலிக்கு எழுதத் தொடங்கியபோது வயது 37. வீட்டில் மூன்று பிள்ளைகள். மறு ஆண்டே டேட்டன் நகர நாளிதழுக்குப் போனார், சில வாரங்களில் அவருடைய பத்தி நாடெங்கும் பல நாளேடுகளில் ஒரே நேரத்தில் வெளிவந்தது, 1970களின் இறுதியில் அந்த எண்ணிக்கை 900ஐ எட்டியது. எழுதியவை என்ன? துவைத்தபின் ஜோடி சேராத காலுறை, காரில் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே கழியும் பிற்பகல், கூப்பிட்ட குரலுக்கு வராத மகன். புறநகர் வீட்டுப் பெண்ணின் மனப்புழுக்கத்தை அமெரிக்கா உரக்கப் பேசத் தொடங்கிய காலம் அது, அவர் எழுதத் தொடங்கியபோது, அந்தப் புழுக்கத்தைப் பற்றிப் பெண்ணுரிமை எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடன் எழுதிய நூல் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஃப்ரீடன் ஆராய்ந்து எழுதிய அதே வீட்டுக்குள்ளிருந்து பாம்பெக் சிரித்துக்கொண்டே எழுதினார். வீட்டைப் பற்றிச் சிரிக்கிறவர் பெண்ணுரிமைக்கு எதிரி என்று எண்ணியவர்களும் உண்டு. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை கோரிய அரசியல் சட்டத் திருத்தத்துக்காக அவர் ஊர் ஊராகப் பேசியவர். 1996இல், சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தார். மொத்தம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பத்திகள். யார் படிப்பார்கள் என்று கேட்கும் உங்கள் கணவருக்கு இந்த எண்களைக் காட்டுங்கள்.

நம் ஊரில் எடுபடுமா என்ற கேள்விதான் எனக்கு வருத்தம் தருகிறது. பெரியாழ்வாரைப் புரட்டிப் பாருங்கள். தொட்டிலில் கிடத்தினால் தொட்டில் கிழிய உதைக்கிறான், தூக்கி இடுப்பில் வைத்தால் இடுப்பை முறிக்கிறான், இறுக்கி அணைத்தால் வயிற்றில் பாய்கிறான், தெம்பில்லாமல் நான் மெலிந்துபோனேன் அம்மா என்று யசோதை பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் புலம்புகிறாள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தப் புலம்பலில் பக்தியும் இருக்கிறது, கைக்குழந்தைக்காரியின் இடுப்புவலியும் இருக்கிறது, படிக்கிறவருக்குச் சிரிப்பும் வருகிறது. எடுபடாமலா இத்தனை தலைமுறையாகப் பாடி வருகிறார்கள்? ஆனால் அதையும் ஓர் ஆண்மகன்தான் தாயின் குரலை இரவல் வாங்கிப் பாடியிருக்கிறார். அவர் பாடியது போற்றத்தக்கது. இரவல் கொடுத்தவளும் இனித் தன் குரலில் பேசட்டும் என்பதே என் ஆசை.

புறநகருக்கும் இதே குறை உண்டு. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, புறநகர் என்றாலே ரயில் பிடித்து அலுவலகம் போகிறவரின் ஊர் என்றுதான் எழுதிப் பழகியிருக்கிறோம். எட்டு மணி வண்டியைப் பிடித்தவரோடு கதையும் ஏறிப் போய்விடுகிறது. அவர் போனபின் தண்ணீர் லாரி எந்தத் தெருமுனையில் நிற்கிறது, சிலிண்டர்காரர் வரும்போது மழலையர் பள்ளி வேனும் வந்தால் எந்த வாசலுக்கு ஓடுவது, இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்குக் காரமில்லாமலும் மற்றவளுக்குக் காரமாகவும் ஒரே தக்காளிச் சாதத்தை எப்படிக் கிளறுவது என்பதெல்லாம் எழுதப்படாமலே கிடக்கின்றன. வேலைக்குப் போகிற தாய் என்றால் இவை எல்லாவற்றையும் முடித்துவிட்டு அதே வண்டியில் அவளும் ஏற வேண்டும். 2024ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடமும், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகக் காட்டுகிறது. பிள்ளைகளையும் முதியோரையும் கவனித்துக்கொள்ளும் நேரம் தனிக்கணக்கு, அதில் 137க்கு 75. இத்தனை நேரம் விழுங்குகிற ஒன்றை விஷயமே இல்லை என்று ஒதுக்க எந்தப் பத்திரிகையாசிரியருக்கும் உரிமை கிடையாது.

ஆகவே எழுதுங்கள். வெண்டைக்காயிலிருந்தே தொடங்குங்கள், உங்கள் கேள்வியின் அந்த ஒரு வரி எனக்கு வரும் நூறு துணுக்குகளைவிட உயிருள்ளது. வேஷத்தைப் பற்றிய சுற்றறிக்கை எத்தனை நாள் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடந்தது? ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட ஸ்டேஷனரி கடைக்காரரிடம் பச்சை சார்ட் கேட்டபோது அவர் என்ன சொன்னார்? வாங்கியது கரும்பச்சையா, கிளிப்பச்சையா; எந்தத் துப்பட்டா பலியானது; காம்பு தலையில் நின்றதா; 'வெண்டைக்காய்க்குக் கை இருக்காதே' என்று அவன் கேட்டபோது என்ன பதில் சொன்னீர்கள்? மறுநாள் மேடையில் நான்கு வெண்டைக்காய்கள் நின்றிருந்தால் அதையும் எழுதுங்கள். பிள்ளை பிற்காலத்தில் படித்தால் கூசிப்போகும்படியான எதையும் எழுதாதீர்கள், அவன் பெயரையும் பள்ளியின் பெயரையும் மாற்றிவிடுங்கள். கணவரைக் கோமாளியாக்கவும் வேண்டாம். அன்றிரவு அவர் கத்தரிக்கோல் பிடித்து உதவியிருந்தால் அப்படியே சொல்லுங்கள், உறங்கியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். முடிவில் தாய்மை தெய்வீகமானது என்றொரு பத்தியைச் சேர்த்து அனுப்புவது நம் எழுத்தாளர்களின் வழக்கம். அதைக் கண்டால் வெட்டிவிடுவேன்.

அறுநூறு சொல்லுக்குள் இருக்கட்டும். கையால் எழுதினாலும் ஏற்போம், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேர்ந்தால் அடுத்த இதழிலேயே வெளியிடுகிறோம், சன்மானமும் உண்டு.