பெட்டியில் 450 வாட், உள்ளே எத்தனை?

கேள்வி: ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு போட்டு வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். பழைய கேபினெட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டி) கையில் இருக்கிறது. அதில் கார்டுக்கான 8 பின் வயர் இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்குக்கான 4 பின் மோலெக்ஸ் வயரில் கன்வெர்ட்டர் போட்டு ஓட்டலாமா? மும்முனை மின்சாரம் வந்து போர்வெல் மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் எங்கள் வீட்டில் வோல்ட்டேஜ் 180க்கு இறங்கிவிடும். 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது.
– வாசகர், பாலக்கோடு

பதில்: கன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். மோலெக்ஸ் பின் கொஞ்சம் தளர்ந்தாலும் மஞ்சள் வயர் சூடேறி, வெள்ளை பிளாஸ்டிக் உருகிவிடும்.

எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள். பெரிய எழுத்தில் உள்ள 450ஐ விடுங்கள். +12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர்? கேபினெட்டோடு வரும் மலிவான பெட்டிகள் பலவற்றில் 17 ஆம்பியர் அளவில்தான் இருக்கும். 17ஐ 12ஆல் பெருக்கினால் 204 வாட். பிராசஸரும் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. 3.3, 5 வோல்ட் பக்கம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அவற்றுக்கு உதவாது.

உங்கள் கார்டுக்கு 170 வாட், பிராசஸருக்கு முழு வேகத்தில் 76, மற்றதெல்லாம் சேர்த்து 50. ஏறக்குறைய 300. இது போக, கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கு இன்னும் அதிகமாக இழுக்கும். திணறும் எஸ்எம்பிஎஸ் அப்போதுதான் கட் ஆகும், கேம் நடுவில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். காரணம் தெரியாமல் விண்டோஸை மறுபடி மறுபடி இன்ஸ்டால் செய்து நொந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

550 வாட் வாங்குங்கள். கார்டின் சிப்பைத் தயாரிக்கும் என்விடியாவும் இதற்கு அதையே சொல்கிறது. 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்குக் குறையக் கூடாது. கரண்ட் பில் ஏறுமோ என்ற பயம் வேண்டாம், தேவைப்படுவதை மட்டுமே அது இழுக்கும். 80 பிளஸ் முத்திரை மின்சிக்கனத்துக்கான சான்றுதான், தரத்துக்கு அல்ல.

உங்கள் ஊருக்கு இன்னொன்றும் முக்கியம்: ஸ்டிக்கரில் இன்புட் 100–240 வோல்ட் என்று இருக்க வேண்டும். 200–240 என்றிருந்தால் 180 வோல்ட்டில் அதை நம்ப முடியாது.

600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். 300 வாட் கொடுக்க எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 350 வரை எடுக்கும். மானிட்டரும் சேர்ந்தால் எல்லை தாண்டும், கரண்ட் போன கணமே எல்லாம் அணையும். 1000 விஏ வையுங்கள்.

மாட்டும்போது 4+4 பின் பிராசஸருக்கு, 6+2 பின் கார்டுக்கு. மாடுலர் வகை (வயர்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடியது) வாங்கினால் அதனுடன் வந்த வயர்களையே பயன்படுத்துங்கள். வேறு எஸ்எம்பிஎஸ் வயர் அச்சாகப் பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம். அப்படியிருந்தால் தகவல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி அந்த நொடியே கருகிவிடலாம்.

கேள்வி: புது எஸ்எம்பிஎஸ் போட்ட பிறகு கேபினெட்டைத் தொட்டால் சுருசுருவென்று ஷாக் அடிக்கிறது. மாற்ற வேண்டுமா?
– வாசகி, பர்கூர்

பதில்: முதலில் எர்த்தைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் நுழைவாயிலில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியே சிறு கசிவு எப்போதும் உண்டு, அது எர்த்தில் போய்விடும். எர்த் இல்லையென்றால் பாடியிலேயே நிற்கும். உயிருக்கு ஆபத்தான அளவில்லை என்றாலும், எச்டிஎம்ஐ வயரை மாட்டும்போது போர்ட்டைக் கெடுத்துவிடும். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு மாட்டியிருக்கிறீர்களா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு பின் பிளக்கில் ஓடுகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 230க்கு அருகில் வர வேண்டும். உங்கள் பக்கம் பாறை நிலம், கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருந்தும் ஷாக் அடித்தால் உடனே பிளக்கைக் கழற்றிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸை வாரண்டியில் மாற்றுங்கள்.