ஏற்காட்டுக் குரங்கு எந்த நிலை? உணவுச் சங்கிலி: கேள்வி பதில்

கே: குரங்கு முதல்நிலை நுகர்வோரா, இரண்டாம்நிலையா என்ற கேள்விக்கு என் மகள் இரண்டும்தான் என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டாள். எது சரி? (அஸ்தம்பட்டி வாசகி)

ப: மகள் எழுதியதுதான் சரி. செடிகொடியைத் தின்பது முதல்நிலை நுகர்வோர், அதைத் தின்பது இரண்டாம்நிலை, அதையும் தின்பது மூன்றாம்நிலை. அந்த நேரத்தில் குரங்கு எதைத் தின்கிறது என்பதை வைத்துத்தான் நிலையைச் சொல்ல முடியும். ஏற்காடு மலைப்பாதையில் அத்திப்பழம் தின்னும்போது முதல்நிலை. இலை தின்று வளர்ந்த வெட்டுக்கிளியைப் பிடித்து வாயில் போட்டால் இரண்டாம்நிலை. கொண்டை ஊசி வளைவில் நீங்கள் வீசும் உருளைக்கிழங்கு சிப்ஸ்? முதல்நிலைதான். அதற்காக வீசிவிடாதீர்கள்!

கே: காட்டெருமை அவ்வளவு பெரிய விலங்கு. மேல்படியில்தானே வரவேண்டும்? (ஏற்காடு)

ப: வராது. புல்லும் இலையும் தின்பதால் முதல்நிலை. அதன் காதோரம் ஒட்டி ரத்தம் குடிக்கும் உண்ணிதான் இரண்டாம்நிலை. உடம்பின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கே: காப்பி எஸ்டேட்டில் காய்துளைப்பான் வண்டு. மருந்து அடித்தும் குறையவில்லையே? (நாகலூர்)

ப: பழத்தின் தொப்புள் பக்கம் குண்டூசி முனை அளவு துளை இருக்கிறதா? அதுதான். 2 மில்லிமீட்டர்கூட இல்லாத பெண் வண்டு உள்ளே போய் முட்டையிடும். புழு கொட்டையைத் தின்னும். ஆக, முதல்நிலை. 1990-ல் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம்தான் இந்தியாவில் முதலில் தென்பட்டது. அதே துளைக்குள் நுழைந்து வண்டின் முட்டையைத் தின்று, புழுவின் மேல் தன் முட்டையை இடும் சிறு குளவி இரண்டாம்நிலை. அந்தக் குளவி சிலந்தி வலையில் மாட்டினால் சிலந்தி மூன்றாம்நிலை. வண்டு கொட்டைக்குள் பத்திரமாக இருக்க, மருந்து வெளியே திரியும் குளவியையும் சிலந்தியையும் கொல்கிறது. என் கருத்தில் மருந்தைவிட முக்கியம், அறுவடைக்குப் பின் செடியிலும் தரையிலும் ஒரு பழம்கூட விடாமல் பொறுக்குவது. விட்டுப்போன பழத்தில்தான் வண்டு அடுத்த பருவம் வரை தங்குகிறது.

கே: மேட்டூர் அணை மீன்களான கட்லாவும் ரோகுவும் ஒரே நிலையா? (மேட்டூர்)

ப: இல்லை. வளர்ந்த ரோகு பெரும்பாலும் பாசியும் அழுகிய செடிகொடியும் தின்னும், முதல்நிலைக்குப் பக்கம். கட்லா மேல்மட்டத் தண்ணீரில் வாயை மேல்நோக்கித் திறந்து, கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசியைத் தின்று வாழும் நுண்ணிய பூச்சிகளை வடிகட்டும். அதனால் பெரும்பாலும் இரண்டாம்நிலை. சிறு மீனைத் துரத்தும் விரால் இன்னும் மேலே. ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் கைமாறுகிறது என்ற விதி, 1942-ல் அமெரிக்கச் சூழலியலாளர் லிண்டேமன் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்தது. 1000 கிலோ பாசி 100 கிலோ பூச்சியாகி, அது 10 கிலோ கட்லாவாகும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் விரால் குறைவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், கட்லா குழம்பு சாப்பிடும் நீங்கள் மூன்றாம்நிலை. கூட இருக்கும் சோற்றுக்கு முதல்நிலை.