கடலோர மணலில் பழம் வளர்த்தால் கட்டுப்படியாகுமா?

ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினம் பக்கம், கடலிலிருந்து அரை மைல் தள்ளி எங்கள் தோட்டம். 14 வருடமாக வெள்ளரி, தர்பூசணி, கொய்யா, சப்போட்டா வளர்க்கிறேன். நம் கரையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உச்சிப்புளி: அக்கா, பங்குனி வந்தால் ரோட்டோரம் தர்பூசணியைக் குவித்து விற்கிறார்கள். வீட்டில் கொடி போடுவது கட்டுமா?

காசுக் கணக்கில் கட்டாது தம்பி. ஒரு கொடி எட்டடி ஓடும், 80, 90 நாள் தண்ணீர் கேட்கும், கடைசியில் இரண்டு பழம் தரும். சீசனில் வாங்கிச் சாப்பிடுவதே லாபம்.

வெள்ளரிப்பழம் அப்படியில்லை. பழுத்ததும் தோல் வெடித்து மாவாகப் பிளக்கும், தூரப் பயணம் தாங்காது. கொடியில் வெடித்ததை அன்றைக்கே கருப்பட்டி தட்டிப் போட்டுச் சாப்பிடும் ருசி கடையில் கிடைக்காது. புதிதாகத் தொடங்குகிறவர்களை நான் முதலில் போடச் சொல்வது இதைத்தான்.

ஏர்வாடி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கும். குடித்துப் பழகிவிட்டோம். முலாம்பழம் வருமா?

நாக்கை நம்பாதீர்கள் அண்ணே. நாம் குடிக்கிற தண்ணீரிலேயே கொடி கருகும். ஒரு பாட்டிலில் பிடித்து மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அவர்கள் தரும் தாளில் 'இ.சி.' என்று, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் ஓர் எண் இருக்கும். அது 2க்குள் இருந்தால் தைரியமாக விதை போடலாம். 3ஐத் தாண்டினால் முலாம், தர்பூசணி நினைப்பே வேண்டாம். இலை ஓரம் தீய்ந்து, பிஞ்சு சுருங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மணலுக்கடியில் உள்ள நல்ல தண்ணீர் மழையில் இறங்கியது. உப்புத் தண்ணீர் கனம், இது லேசு, அதனால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. மேலே ஓர் அடி மட்டம் இறங்கினால், கீழே உப்பு 40 அடி வரை ஏறும் என்பது கணக்கு. ஊற்றுத் தோண்டி, ஊற ஊறக் கொட்டாங்கச்சியில் கோரி எடுத்தார்களே நம் பாட்டிமார், அந்தப் பொறுமைதான் இவ்வளவு நாள் தண்ணீரைக் காப்பாற்றியது. 2016ல் மழை பொய்த்த பிறகு நான் மோட்டார் வைத்துத் தினமும் இரண்டு மணி நேரம் இறைத்தேன். மூன்றே வாரத்தில் கிணறு கரித்துவிட்டது. 40 கொடியும் போனது. தண்ணீர் பழையபடி தேற இரண்டு மழைக்காலம் ஆயிற்று. இப்போது குடத்தில்தான் ஊற்றுகிறேன்.

அப்படியானால் உப்புத் தண்ணீர்க்காரர்களுக்குப் பழமே இல்லையா அக்கா?

ஏன் இல்லை? சப்போட்டாவும் இலந்தையும் உப்பை நன்றாகத் தாங்கும். கொய்யா, மாதுளை ஓரளவு. மாவும் எலுமிச்சையும் வேண்டாம். கன்றை மழைக்கு முன்னால் நட்டால், ஐப்பசி, கார்த்திகை மழை வேரடி உப்பைக் கழுவிவிடும். ஒரு சப்போட்டா பிடித்துவிட்டால் பேரன் காலம் வரை காய்க்கும். கட்டுமா என்று கேட்டால் இதுதான் கட்டும்.

சாயல்குடி: தர்பூசணி எப்போது விதைப்பது?

தை. மழை ஈரம் மண்ணில் மிச்சமிருக்கும், கச்சான் என்கிற மேல்காற்று மணலை வாரி அடிக்கும் முன் பழம் பறித்துவிடலாம். ஒன்றரை அடிக் குழியில் மக்கிய எருவோடு கண்மாயில் படிந்த களிமண்ணான கரம்பை ஒரு கூடை கலந்துவிடுங்கள். வெறும் மணலில் ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. காய்ந்த பனையோலையைப் பரப்பினால் சூடும் தணியும், பழமும் மண்ணில் படாது.

தொண்டி: பூ நிறைய வருகிறது, பிஞ்சு நிற்கவில்லை.

முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, அது உதிரத்தான் செய்யும். அடியில் குட்டிக் காய் போல் வீங்கியிருப்பது பெண் பூ. அதுவும் உதிர்ந்தால் தேனீ வரவில்லை என்று அர்த்தம். காலை 9 மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவுங்கள். காலையில் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது.

கீழக்கரை: கடைத் தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்களாமே, அந்தப் பயத்தில்தான் வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்கிறேன்.

அந்தப் பயத்துக்காக வளர்க்க வேண்டாம்மா. சிவப்பு பழத்திலேயே ஊறும் நிறம், தக்காளியில் இருப்பதும் அதுதான். ஊசி குத்திய பழம் சீக்கிரம் அழுகிவிடும், எந்த வியாபாரி அதைச் செய்வார்? 2025 கோடையில் இந்தப் பேச்சு பரவி, விலை விழுந்து, விவசாயிகள் வயலிலேயே பழத்தை விட்டார்கள். அவர்கள் பாடுபட்டதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. நல்ல பழமாகப் பார்த்து வாங்கிச் சாப்பிடுங்கள்.

தங்கச்சிமடம்: பழுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

தர்பூசணியில் காம்புக்குப் பக்கத்தில் கொடியில் கம்பி போலிருக்கும் பற்றுச் சுருள் காய்ந்திருக்க வேண்டும், தரையில் படிந்த இடம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். பறித்த பிறகு அதில் இனிப்பு ஏறாது, அவசரப்படாதீர்கள். முலாம்பழம் தானே சொல்லிவிடும்: காம்பைச் சுற்றி விரிசல் விட்டு, தொட்டதும் கையோடு வந்துவிடும்.