அம்பு ஏன் தவறியது? வில்லில் மான் வேட்டை பழகுபவர்களுக்குக் கேள்வி பதில்

அமெரிக்காவின் மிச்சிகனில் அக்டோபர் 1 அன்று வில் பருவம் தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே ராகம்தான்: "மான் பக்கத்தில் நின்றது, அம்பு மட்டும் தப்பிவிட்டது, ஏன்?" தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். பேச்சு முழுக்க வெண்வால் மானையும் காம்பவுண்ட் வில்லையும் (முனைகளில் உருளைகள் வைத்த நவீன வில்) பற்றியது. "நேரம் சரியில்லை" என்று யாருக்கும் சொல்லப்போவதில்லை. தவறிய அம்புக்கு ஒரு காரணம் இருக்கும், அநேகமாக அதைக் கண்டுபிடிக்கவும் முடியும்.

லான்சிங்கிலிருந்து ஒருவர்: அண்ணா, 28 கெஜத்தில் மான் நின்றது. ரேஞ்ச்ஃபைண்டரில் தூரம் பார்த்துத்தான் விட்டேன். அம்பு முதுகுக்கு மேலே போய்விட்டது. சைட் (வில்லில் குறி பார்க்கும் கருவி) கலைந்துவிட்டதா?

வீட்டுக்குப் போய் அதே தூரத்தில் இலக்கில் ஒரு அம்பு விட்டுப் பாருங்கள். சரியாகப் பட்டால் சைட்டில் குற்றமில்லை. மான்தான் கீழே இறங்கியிருக்கிறது.

கணக்கு இதுதான். ஒலி வினாடிக்குச் சுமார் 1,100 அடி போகும். உங்கள் அம்பு 270 அடி போகிறது என்று வைத்துக்கொள்வோம். 28 கெஜம் என்றால் 84 அடி. நாண் அதிரும் சத்தம் 0.08 வினாடிக்குள் மானின் காதுக்குப் போய்விடும். அம்பு போய்ச் சேர 0.31 வினாடி ஆகும். நடுவில் கால் வினாடிக்குக் கொஞ்சம் குறைவான நேரம் மானுக்குக் கிடைக்கிறது. ஓடுவதற்கு முன் மான் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தும், அப்போதுதான் உதைத்துப் பாய முடியும். அம்பைப் பார்த்துக் குனிவதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அது ஓட்டத்தின் முதல் அசைவு. சுதாரித்த பிறகு 0.15 வினாடி கிடைத்தால் போதும், வெறும் ஈர்ப்பு விசையிலேயே உடம்பு 4 அங்குலம் இறங்கிவிடும்.

இதற்கு வேகமான வில் வாங்கச் சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். 20 அடி வேகம் கூடினாலும் ஒலியைப் பிடிக்க முடியாது. வில்லின் சத்தத்தைக் குறைப்பது நல்ல வழி: கொஞ்சம் கனமான அம்பு வில்லின் சக்தியை அதிகமாக வாங்கிக்கொள்ளும், அதிர்வு குறையும். அதைவிட முக்கியம், மான் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது. தலை குனிந்து மேய்கிறது, வால் சாதாரணமாக ஆடுகிறது, காதுகள் வேறு வேறு பக்கம் திரும்புகின்றன என்றால் விடலாம். தலையைத் தூக்கி, இரண்டு காதும் உங்கள் பக்கம் திரும்பி, முன்காலால் தரையைத் தட்டுகிறது என்றால் 28 கெஜம் ரொம்ப தூரம். எந்த மானானாலும் நெஞ்சின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். இறங்கினால் நுரையீரல், இறங்காவிட்டால் இதயம்.

கிராண்ட் ராபிட்ஸ்: பரணிலிருந்து விட்டால் எப்போதும் மேலேதான் போகிறது. கோணத்தை எப்படிக் கணக்குப் போடுவது?

சமதரையில் கோணத்தைக் குறை சொல்ல முடியாது. 20 அடி உயரத்தில் இருக்கிறீர்கள், மரத்தடியிலிருந்து மான் 20 கெஜம் தள்ளி நிற்கிறது. கண்ணிலிருந்து மானுக்கு நேர்கோட்டில் அளந்தால் 21 கெஜம். வித்தியாசம் ஒரே ஒரு கெஜம்! மலைச்சரிவில் உட்கார்ந்தால் கதை வேறு, அங்கே கோணத்தைக் கழித்துக் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் வேண்டும்.

சமதரையில் உங்களைக் கெடுப்பது உடம்பு. வில் பிடித்த கையை மட்டும் கீழே இறக்குகிறீர்கள். நாணை இழுத்துத் தாடையில் பதிக்கும் இடம் மாறுகிறது, பீப் (நாணில் பொருத்திய சிறு துளை) வழியாகப் பார்க்கும் கோடும் மாறுகிறது. முதலில் தரைக்கு இணையாக நாணை முழுதாக இழுங்கள், பிறகு இடுப்பை வளைத்து மொத்த மேலுடம்பையும் சாயுங்கள். பாதுகாப்பு வார் கட்டியிருந்தால்தான் தைரியமாகச் சாய வரும். வார் இல்லாமல் பரண் ஏறுபவர்களுக்கு நான் குறி பற்றி எதுவும் சொல்வதில்லை. கோடை முழுக்கத் தரையில் நின்றே பழகிவிட்டுப் பருவத்தில் முதல்முறை பரண் ஏறுபவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை.

நேர் கீழே ஐந்து கெஜத்துக்குள் வந்த மானை விட்டுவிடுங்கள். அவ்வளவு செங்குத்தில் ஒரு நுரையீரல்தான் கிடைக்கும். அது நடந்து விலகட்டும்.

மேடிசன், விஸ்கான்சின்: தோட்டத்தில் 40 கெஜத்தில் அச்சாக அடிக்கிறேன். 18 கெஜத்தில் நின்ற கொம்பு மானைத் தவறவிட்டேன். சைட்டில் தூரத்துக்கு ஒன்றாக இருக்கும் புள்ளிகளில் எதை வைத்தேன் என்றுகூட ஞாபகமில்லை.

கடைசி வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது. படபடப்பில் பீப் வழியாகப் பார்க்கவே மறந்திருப்பீர்கள், அல்லது அம்பு போவதைப் பார்க்கும் ஆசையில் தலையைத் தூக்கியிருப்பீர்கள். இரண்டுமே அம்பை மேலே அனுப்பும். இன்னொன்று, கண் கொம்பில் இருந்திருக்கும். கொம்பைப் பார்த்தால் அம்பும் அந்தப் பக்கம்தான் போகும். அம்பு விடலாம் என்று முடிவு செய்த பிறகு கொம்பைத் திரும்பப் பார்க்காதீர்கள். முன்காலுக்குப் பின்னால் ஒரு மயிர்ச் சுருளைத் தேர்ந்தெடுத்து அதையே பாருங்கள்.

பயிற்சியையும் மாற்றவேண்டும். ஒரே மூச்சில் நிறைய அம்பு விட்டால் பத்தாவது அம்பு நன்றாகத்தான் போகும். காட்டில் கிடைப்பது முதல் அம்பு மட்டும், அதுவும் மூன்று மணி நேரம் குளிரில் அசையாமல் இருந்த பிறகு. தினமும் வேட்டை உடை போட்டு, உடம்பைச் சூடாக்காமல், ஒரே ஒரு அம்பு விட்டுவிட்டு உள்ளே போங்கள். வேறொரு நாள் வீட்டைச் சுற்றி ஓடிவந்து, மூச்சு வாங்கும்போதே விட்டுப் பாருங்கள்.

சைட்டின் புள்ளி மான் மேல் பட்டதுமே விரல் தானாக ரிலீஸை (நாணை விடுவிக்கும் விசை) அடித்துவிடுகிறதா? அப்படியானால் வெறும் இலக்குப் பொதிக்கு மூன்று கெஜத்தில் நின்று, கண்ணை மூடி, முதுகுத் தசையால் இழுத்துக்கொண்டே, எப்போது விடுபடும் என்று தெரியாமல் விடப் பழகுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் இதை விட்டால் வேறு மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

டொலீடோ, ஒஹாயோ: நடந்துகொண்டிருந்த மான் மேல் விட்டேன், பின்னால் போய்விட்டது. முன்னால் எவ்வளவு தள்ளிக் குறி வைக்கவேண்டும்?

தள்ளி வைக்காதீர்கள், மானை நிறுத்துங்கள். மெதுவாக நடக்கும் மான்கூட வினாடிக்கு நாலு அடிக்கு மேல் போகும். 20 கெஜத்துக்கு அம்பு எடுக்கும் நேரத்தில் அது ஒரு அடி முன்னேறிவிடும். நெஞ்சில் வைத்த குறி வயிற்றில் படும், அது தவறுவதைவிட மோசம். நாணை முழுதாக இழுத்த பிறகு, வாயால் மெல்லிதாக "மே" என்று ஒரு சத்தம் கொடுத்தால் பெரும்பாலும் நிற்கும். நின்ற மான் உஷாராகத்தான் இருக்கும் என்பதால் இந்த வித்தை 20 கெஜத்துக்குள் மட்டும்.

ஆன் ஆர்பர்: சைட் வழியாகப் பார்த்தபோது குறுக்கே எதுவுமே இல்லை. ஆனால் அம்பு கிளையில் பட்டுத் திசை மாறியது.

கண் நேராகப் பார்க்கிறது, அம்பு வளைந்து போகிறது. 30 கெஜத்துக்கு விட்ட அம்பு பாதி வழியில் உங்கள் பார்வைக் கோட்டுக்கு மூன்று அங்குலம் மேலே இருக்கும்; 40 கெஜம் என்றால் கிட்டத்தட்ட ஏழு அங்குலம். இதைக் கண்டுபிடிக்க நல்ல உபாயம் ஒன்று உண்டு. 40 கெஜப் புள்ளியை மான் மேல் வையுங்கள். கிளை 20 கெஜத்தில் இருந்தால், அதே சமயம் உங்கள் 20 கெஜப் புள்ளி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அம்பு கடக்கப்போவது அங்கேதான். அங்கே கிளை இருந்தால் விடாதீர்கள்.

டொரன்டோ: ரேஞ்ச்ஃபைண்டர் எடுக்க நேரமில்லை அண்ணா, கண்ணால் மதிப்பிட்டேன். ஐந்து கெஜம் பிசகினால் என்ன பெரிய வித்தியாசம்?

கிட்டத்தில் இல்லை, தூரத்தில் உண்டு. 20 என்று நினைத்து 25-ல் நின்றால் அம்பு இரண்டு மூன்று அங்குலம் இறங்கும், அநேகமாகப் பிழைத்துக்கொள்வீர்கள். 40 என்று நினைத்து 45-ல் நின்றால் ஐந்து அங்குலத்துக்கு மேல். இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் எட்டு முதல் பத்து அங்குலம்தான், நடுவில் குறி வைத்தாலும் வெளியே போய்விடும். மான் வந்த பிறகு ரேஞ்ச்ஃபைண்டர் தேடாதீர்கள். பரணில் உட்கார்ந்தவுடனே நாலு பக்கமும் மரங்களை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: இதெல்லாம் நம் ஊரில் செய்ய முடியுமா?

முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே மான் வேட்டை குற்றம். இங்கே மாநில அரசு உரிமம் கொடுத்து, பருவமும் எண்ணிக்கையும் வரையறுத்து நடத்துகிறது. வில் பிடித்திருந்தால் அங்கே இலக்கு வில்வித்தை பழகுங்கள், அருமையான விளையாட்டு.

ஃபிளின்ட்: பயிற்சி முனையில் எல்லாம் சரியாகப் போகிறது. பிராட்ஹெட் (பிளேடு வைத்த வேட்டை முனை) மாட்டினால் இடது பக்கம் ஆறு அங்குலம் விலகுகிறது.

வில் சரியாக டியூன் ஆகவில்லை. அகன்ற பிளேடு முன்பக்கம் காற்றைப் பிடிப்பதால், அம்பு கொஞ்சம் கோணலாகக் கிளம்பினாலும் விலகல் பெரிதாகத் தெரியும். காகிதத்தை விரித்துக் கட்டி அதில் அம்பு விட்டுக் கிழிசலைப் பார்த்து ரெஸ்ட்டைச் (வில்லில் அம்பைத் தாங்கும் பாகம்) சரிசெய்யவேண்டும். முடியாவிட்டால் வில் கடைக்குக் கொண்டுபோங்கள். தடித்த ஜாக்கெட்டின் கையில் நாண் உரசினாலும் இப்படிப் போகும், அதையும் பாருங்கள்.

கலமசூ: அம்பைப் பார்த்தேன், ரத்தம் இல்லை. தவறியதுதானே? இறங்கி வந்துவிட்டேன்.

அவசரப்படாதீர்கள். "தவறிவிட்டது" என்று பரணில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்லக்கூடாது. மான் நின்ற இடத்தில் மயிர் கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வெள்ளை மயிர் என்றால் அடிப்பக்கம் பட்டிருக்கலாம். அம்பை விரலால் தடவி மோந்து பாருங்கள். கொழுப்புப் பிசுபிசுப்பு என்றால் மார்பின் அடியிலோ முதுகிலோ உரசியிருக்கும். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். அரைமணி நேரம் பொறுத்துப் போகலாம். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கலாம், நாலு மணி நேரமாவது காத்திருக்கவேண்டும். பச்சையாக, நாற்றமடித்தால் குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கிட்டேயே போகாதீர்கள். சீக்கிரம் போய்க் கிளப்பினால் அது எங்கோ போய்ப் படுத்துச் சாகும், உங்களுக்கும் கிடைக்காது. பல மாநிலங்களில் கயிற்றில் பிடித்த மோப்ப நாயைக் கொண்டு தேட அனுமதி உண்டு.

முதுகெலும்புக்கும் நுரையீரலுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறது, அதில் அம்பு போய்விட்டது என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஓர் இடம் மானுக்கு இல்லை. மானின் முதுகெலும்பு நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக ஓடுகிறது. அந்த அம்பு எலும்புக்கு மேலே முதுகுத் தசையைத் துளைத்திருக்கும். அப்படிப் பட்ட மான் பிழைப்பதுண்டு.

அம்பு சுத்தம், மயிர் இல்லை என்றாலும் ஓடிய திசையில் நூறு கெஜமாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

அதே நண்பர்: அம்பே கிடைக்கவில்லை என்றால்?

இலைக்குள் படுத்திருக்கும். விடிந்த பிறகு, பரணில் ஒருவர் நின்று திசை சொல்ல, இன்னொருவர் தேடுங்கள். அடுத்த முறைக்கு அம்பின் வால் நுனியில் ஒளிரும் நாக் (நாணைக் கவ்வும் சிறு துண்டு) மாட்டிக்கொள்ளுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் நிலத்துக்காரரிடம் இடத்தைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். அந்த பிளேடு அவருடைய நாயின் காலிலோ டிராக்டர் டயரிலோ ஏறிய பிறகு அடுத்த வருடம் அனுமதி கேட்டுப் போய் நிற்க முடியாது.