பேக்கப் டிரைவரால் விண்டோஸ் எழவில்லையா? கோப்பை அழிக்காதீர்கள்

கேள்வி: என்னுடையது விண்டோஸ் 10 மடிக்கணினி. பேக்கப் மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவி ரீஸ்டார்ட் கொடுத்ததும் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை வருகிறது. சேஃப் மோடிலும் அதே கதிதான். அந்த மென்பொருளின் டிரைவர் கோப்பை அழித்துவிட்டால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கோப்பை அழித்தால் சிக்கல் தீராது.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு டிஸ்கையும் படியெடுக்கும் மென்பொருள், எந்தப் பகுதி எப்போது மாறுகிறது என்று கண்காணித்தாக வேண்டும். அதற்காக இத்தகைய மென்பொருள்கள் பலவும் விண்டோஸுக்கும் டிஸ்குக்கும் நடுவே ஒரு ஃபில்டர் டிரைவரை நுழைக்கின்றன. அக்ரானிஸ் என்ற பேக்கப் மென்பொருளில் இதன் பெயர் ஸ்னாப்மேன். ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. இந்தப் பெயர், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'அப்பர்ஃபில்டர்ஸ்' அல்லது 'லோயர்ஃபில்டர்ஸ்' என்ற பட்டியலில் ஏறிவிடும். கணினி எழும்போது விண்டோஸ் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் டிஸ்கை இயக்குகிறது. பட்டியலில் பெயர் இருந்து, டிரைவர் ஏற மறுத்தால், அந்த டிஸ்கே இயங்காது. விண்டோஸ் இருப்பதும் அதே டிஸ்கில்தான் என்பதால் 7பி என்ற பிழை எண்ணோடு எல்லாம் நின்றுவிடுகிறது. கோப்பை அழித்தாலும் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும். விளைவும் இதே நீலத்திரைதான். சேஃப் மோட் கைகொடுக்காததற்கும் இதுவே காரணம்: அங்கேயும் இந்தப் பட்டியல் படிக்கப்படுகிறது.

2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளால் கோளாறு வந்தபோது, சேஃப் மோடில் நுழைந்து ஒரு கோப்பை அழித்தால் கணினி எழுந்தது. உங்கள் நண்பரின் யோசனை அங்கிருந்து வந்திருக்கலாம். அது டிஸ்க் ஃபில்டர் விவகாரம் அல்ல. அந்த மருந்து இங்கே பொருந்தாது.

முதலில் எளிய வழியைப் பாருங்கள். விண்டோஸ் சின்னம் தெரியும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுநீக்கும் திரை தானே வரும். வராவிட்டால் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் இருந்து பூட் செய்து 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் குறியாக்க வசதி) பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்படும். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். உள்ளே போனதும் சிஸ்டம் ரீஸ்டோரைத் திறந்து, மென்பொருளை நிறுவிய நாளுக்கு முந்தைய ரீஸ்டோர் பாயிண்ட் (விண்டோஸ் குறித்துவைத்த பழைய நிலை) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே போதும்: ரெஜிஸ்ட்ரியும் டிரைவர் கோப்புகளும் சேர்ந்தே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அது இல்லையென்றால் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'நோட்பேட்' என்று அடியுங்கள். அதன் ஓப்பன் பெட்டியை ஒரு ஃபைல் எக்ஸ்ப்ளோரராகவே பயன்படுத்தலாம்; 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள். இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கக்கூடும். வழக்கமான சி டிரைவ், டி என்றோ ஈ என்றோ தெரியலாம். யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயர் இருப்பதுதான் உங்கள் விண்டோஸ். எந்த டிரைவிலும் அது இல்லையென்றால் இங்கேயே நிறுத்துங்கள். டிஸ்க் பழுதாகியிருக்கலாம், அல்லது பயாஸில் ஸ்டோரேஜ் முறை மாறியிருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

உங்கள் விண்டோஸ் தென்பட்டால், அவசரமான கோப்புகளை இதே பெட்டியில் ரைட் கிளிக் செய்து பென் டிரைவுக்கு காப்பி செய்துகொள்ளுங்கள். கூடவே விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் என்று உள்ளே போய் 'சிஸ்டம்' என்ற, எக்ஸ்டென்ஷன் இல்லாத கோப்பையும் காப்பி எடுத்து வையுங்கள். நாம் திருத்தப்போவது அதைத்தான். கை தவறினால் இந்த காப்பியைத் திரும்பப் போட்டுத் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடலாம்.

அடுத்து சிஸ்டம்32-க்குள் உள்ள டிரைவர்ஸ் ஃபோல்டரில், மென்பொருளை நிறுவிய தேதியில் வந்த கோப்புகளைத் தேடுங்கள். ப்ராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பகுதியைப் பார்த்தால் எந்த நிறுவனத்தின் கோப்பு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பெயர்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேலும் இருக்கலாம்.

இனி கமாண்ட் பிராம்ப்டில் 'ரெஜ்எடிட்' என்று அடியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். இப்போது கண்ணில் படுவது பழுதுநீக்கும் திரையின் சொந்த ரெஜிஸ்ட்ரி. அதில் எதைத் திருத்தினாலும் உங்கள் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. இடப்பக்கம் 'ஹெச்கீ லோக்கல் மெஷின்' மீது கிளிக் செய்து, ஃபைல் மெனுவில் 'லோட் ஹைவ்' (ஹைவ் என்பது ரெஜிஸ்ட்ரி கோப்பு) கொடுத்து, சற்றுமுன் காப்பி எடுத்த அதே சிஸ்டம் கோப்பின் மூலத்தைத் திறந்து, ஏதாவது ஒரு பெயர் கொடுங்கள். அதற்குள் 'செலக்ட்' என்ற பகுதியில் 'கரண்ட்' மதிப்பு 1 என்றால் நீங்கள் வேலை செய்யவேண்டியது கண்ட்ரோல்செட்001. 2 என்றால் 002.

அதற்குள் கண்ட்ரோல், பிறகு கிளாஸ். இரண்டு பகுதிகள் முக்கியம்: 4டி36இ967 என்று தொடங்குவது டிஸ்க் டிரைவுக்கு, 71ஏ27சிடிடி என்று தொடங்குவது வால்யூமுக்கு, அதாவது சி, டி போன்ற டிஸ்க் பகுதிகளுக்கு. இரண்டிலும் ஃபில்டர் பட்டியல்களைத் திறந்து, குறித்துவைத்த பெயர் உள்ள வரியை மட்டும் நீக்குங்கள். வெற்று வரி விடாதீர்கள். பட்டியலையே மொத்தமாக அழித்துவிடவும் கூடாது: பார்ட்எம்ஜிஆர், வால்ஸ்னாப், எஃப்விஇவால் எல்லாம் விண்டோஸின் சொந்த ஃபில்டர்கள், அவை போனால் கணினி எழாமலே போகலாம்.

பெயர் வேறெங்கும் ஒளிந்திருக்கிறதா என்று, கண்ட்ரோல்செட்டைத் தேர்ந்து, கீபோர்டில் கண்ட்ரோல், எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்தித் தேடுங்கள். எஃப்3 அடுத்த இடத்துக்குக் கூட்டிப்போகும். ஏதாவது ஃபில்டர் பட்டியலில் அகப்பட்டால் அங்கேயும் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்.

பட்டியல் சுத்தமான பிறகே சர்வீசஸ் பகுதிக்குப் போய், அதே பெயரின் கீழ் 'ஸ்டார்ட்' மதிப்பை 4 ஆக்குங்கள். 0 என்றால் பூட்டிலேயே ஏறும், 4 என்றால் முடக்கம். பட்டியலைத் தொடாமல் இதை மட்டும் 4 ஆக்கினால் மறுபடி 7பி தான் வரும். ஒரு விதிவிலக்கு உண்டு: அந்தப் பெயரின் கீழ் 'இன்ஸ்டன்சஸ்' என்ற உட்பகுதி இருந்தால் அது கோப்பு மட்டத்தில் வேலை செய்யும் மினிஃபில்டர். எந்தப் பட்டியலிலும் அதன் பெயர் இல்லாவிட்டால் ஸ்டார்ட் மதிப்பை மாற்றுவதே போதும்.

முடிந்ததும் ஏற்றிய ஹைவைத் தேர்ந்து, ஃபைல் மெனுவில் 'அன்லோட் ஹைவ்' கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இடையில் பூட் கோப்புகளைச் சரிசெய்யும் பூட்ரெக் கட்டளைகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம். உங்கள் பூட் கோப்புகளில் பழுதில்லை. 'ரீசெட் திஸ் பிசி' கோளாறைத் தீர்க்கும்தான், ஆனால் நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் போய்விடும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் எழுந்ததும் அந்த பேக்கப் மென்பொருளை முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். மறுத்தால் அதே நிறுவனத்தின் கிளீனப் கருவி இருக்கிறதா பாருங்கள். மிச்சமிருக்கும் டிரைவர் கோப்பை இப்போது அழிப்பதில் தவறில்லை. ஏற்கெனவே எடுத்துவைத்த பேக்கப் கோப்புகளுக்கு இதனால் எந்தச் சேதமும் வராது. மறுபடி நிறுவுவதானால், நிறுவனத் தளத்தில் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு ஆதரவு உண்டு என்று குறிப்பிட்ட பதிப்பையே எடுங்கள். அதற்கு முன் ஒரு ரீஸ்டோர் பாயிண்டை நீங்களே உருவாக்குங்கள். நிறுவிய கையோடு அந்த மென்பொருளின் பூட் ஆகும் மீட்பு பென் டிரைவையும் தயார் செய்து, அதிலிருந்து ஒருமுறை பூட் செய்து உங்கள் பேக்கப் கோப்பு திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.