வெப்பமானிக்குள் தண்ணீர் ஏன் இல்லை?

கேள்வி: எங்கள் பட்டுப்புழு வளர்ப்பு மனையில் மாட்டியிருக்கும் வெப்பமானியில் சிவப்புத் திரவம் இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் பார்த்தது வெள்ளியாக மின்னும் பாதரசம். சிவப்பு மலிவு என்பதாலா? அப்படியானால் தண்ணீரிலேயே சாயம் கலந்து ஊற்றலாமே?
— வாசகர், பாலக்கோடு

பதில்: தண்ணீர் உதவாது. 0 டிகிரி செல்சியஸிலிருந்து 4 வரை சூடேறும்போது அது விரியாமல் சுருங்குகிறது. அதற்கு மேல்தான் விரியத் தொடங்கும். 2 டிகிரியிலும் 6 டிகிரியிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும் கோட்டை வைத்து எதைப் படிப்பது? 4-ஐத் தாண்டினாலும் விரிவு சீராக இல்லை. போதாததற்கு, உறைந்தால் குமிழையே உடைத்துவிடும்.

பாதரசம் −39 முதல் 357 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். சீராக விரியும், கண்ணாடியில் ஒட்டாது, சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும். ஆனால் டிகிரிக்கு ஏறத்தாழ 5,500-ல் ஒரு பங்குதான் விரியும் என்பதால் குழாய்த் துளை மயிரிழை அளவில் இருக்க வேண்டும். ஆல்கஹால் அதைப்போல் ஆறு மடங்கு விரியும்; துளை சற்று அகலமாக இருக்கலாம், தூரத்திலிருந்தே கோடு தெரியும். −114 வரை உறையாது, 78-ல் கொதித்துவிடும். நிறமில்லாதது என்பதால்தான் சாயம். இளம்புழுவுக்கு 27–28, முற்றிய புழுவுக்கு 24–25 டிகிரி பார்க்கும் மனைக்கு இது தாராளம். தழைக்கும் புழுவுக்கும் நடுவே பாதரசம் உடைந்து சிதறினால் முழுதாகப் பொறுக்கி எடுக்க முடியாது. அதன் ஆவி நஞ்சு. விலையைவிட இதுவே பெரிய காரணம்.

கேள்வி: சிவப்புக் கோடு நடுவில் துண்டாகிவிட்டது. வெப்பமானியைத் தூக்கிப் போடுவதா?
— வாசகி, காரிமங்கலம்

பதில்: வேண்டாம். படுக்கவைத்து எடுத்துவந்தாலோ வெயில் பட்டாலோ ஆல்கஹால் இப்படிப் பிரியும். மேலே 2 டிகிரி நீளத்துக்குத் துண்டு நின்றால் கீழ்க்கோடு 2 டிகிரி குறைத்துக் காட்டும். அதை நம்பி ஹீட்டர் போட்டால் புழுதான் வாடும்.

மூன்று பங்கு நொறுக்கிய ஐஸ், ஒரு பங்கு கல்லுப்பு கலந்து, அதில் குமிழை மட்டும் நிமிர்த்தி வையுங்கள். திரவம் முழுதும் குமிழுக்குள் இறங்கியதும் உள்ளங்கையில் மெல்லத் தட்டி, நிமிர்த்தியபடியே தானாகச் சூடேற விடுங்கள். குழாய்ச் சுவரில் ஒட்டியது வடிய, இரவு முழுக்க நின்றவாக்கில் இருக்கட்டும். அடுப்பில் காட்டாதீர்கள், 50 டிகிரி வரை கோடிட்ட குழாய் வெடிக்கும்.

ஈரப்பதம் பார்க்கும் இரட்டை வெப்பமானி (ஒரு குமிழ் உலர்ந்திருக்கும்; மற்றதில் சுற்றிய ஈரத் துணியின் நீர் ஆவியாகிக் குளிர்விப்பதால் அது குறைத்துக் காட்டும்) என்றால் ஈரக் குமிழின் துணியையும் கவனியுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு படிந்தால் துணி நீரை உறிஞ்சாது. துணி காய்ந்ததும் இரண்டு குமிழும் ஒரே அளவு காட்டும், ஈரப்பதம் நூறு சதவீதம் என்று ஏமாந்து ஜன்னலைத் திறப்பீர்கள். மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ ஊற்றுங்கள். உலர் குமிழ் 26, ஈரக் குமிழ் 23 என்றால் ஈரப்பதம் சுமார் 77 சதவீதம்.

கேள்வி: கொதிக்கும் நீரில் பாதரச வெப்பமானி 97 தான் காட்டுகிறது. பழுதா?
— ஆசிரியர், ஓசூர்

பதில்: இல்லை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் 97-ஐ ஒட்டியே கொதிக்கும். கிருஷ்ணகிரியில் 98-ஐத் தாண்டும். சந்தேகம் தீர, நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, குமிழைப் பத்து நிமிடம் வைத்து 0 காட்டுகிறதா பாருங்கள். ஒரு டிகிரி தள்ளி நின்றால் அந்த வித்தியாசத்தைச் சீட்டில் எழுதி வெப்பமானியிலேயே கட்டிவிடுங்கள்.